ஹோஹென்சால்ஸ்பர்க் கோட்டை: வாயில் வாயிலாக நடந்து ஏற வேண்டிய மலை

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகருக்கு மேலே நிற்கும் ஹோஹென்சால்ஸ்பர்க் கோட்டையை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். முதல் முறை ஒரு சுற்றுலா நிறுவனத்தின் குழுவோடு சென்றேன். மலைமேல் எங்களுக்குக் கிடைத்தது ஒன்றரை மணி நேரம். அதிலும் பாதி சாப்பாட்டுக்கே போய்விட்டது. முற்றத்தில் நின்று நான்கு படங்கள் எடுத்துக்கொண்டு இறங்கியபோது, உயரமான வெள்ளைச் சுவர்களைப் பார்த்தேன் என்பதற்கு மேல் வீட்டாரிடம் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. இரண்டாம் முறை, கோட்டையின் வரலாற்றை ஓரளவு படித்துக்கொண்டு, ஒரு முழுப் பகலை அதற்கென்றே ஒதுக்கி, அடிவாரத்திலிருந்து நடந்தே ஏறினேன். அன்று பார்த்தது வேறொரு கோட்டை என்றே சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் உள்ள இடைக்கால மலைக்கோட்டைகளில் ஒன்றை மட்டுமே பார்க்க வாய்ப்புள்ளவர் என்னிடம் கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஆனால் எப்படிப் பார்ப்பது என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 420 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோட்டை 506 மீட்டரில் இருக்கிறது. எண்ணில் இந்த இடைவெளி பெரிதாகத் தோன்றாது. ஆனால் பேராலயத்தின் பக்கமுள்ள கபிட்டல் சதுக்கத்தில் நின்று தலையை உயர்த்தினால், பாறை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய முடியாதபடி இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக எழுகின்றன. மலையின் முதுகில் சுமார் 250 மீட்டர் நீளமும் 150 மீட்டர் அகலமும் கொண்டு பரந்திருக்கும் இக்கோட்டை, ஐரோப்பாவில் இன்றும் முழுமையாக நிற்கும் பெரிய கோட்டைகளுள் ஒன்று. இதன் அடியில் விரியும் பழைய நகரம் 1996 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ளது.

இதைக் கட்டத் தொடங்கியவர் ஓர் அரசர் அல்லர், பேராயர். ஆயர்களை நியமிக்கும் உரிமை திருத்தந்தைக்கா, அரசனுக்கா என்ற பெரும் பூசல் ஜெர்மானிய நாடுகளை இரண்டாகப் பிளந்திருந்த காலம் அது. 1077 ஜனவரியில், திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டிருந்த அரசன் நான்காம் ஹென்றி, கனோசா என்னும் இத்தாலிய மலைக்கோட்டையின் வாயிலில் பனியில் காத்து நின்று திருத்தந்தை ஏழாம் கிரகோரியிடம் மன்னிப்புப் பெற்றான். மன்னிப்புக் கிடைத்தது, பூசல் தீரவில்லை. திருத்தந்தையின் பக்கம் நின்ற சால்ஸ்பர்க் பேராயர் கெப்ஹார்ட் அதே ஆண்டில் இந்த மலையை அரண் செய்யத் தொடங்கினார். தெற்கே ஹோஹென்வெர்ஃபென், ஃப்ரீசாக் ஆகிய இடங்களிலும் அவர் அரண் எழுப்பினார். இத்தாலிக்குச் செல்லும் ஆல்ப்ஸ் மலைப்பாதையை மனத்தில் வைத்துப் பார்த்தால் இந்த இடத்தேர்வின் பொருள் விளங்கும். ஆனால் அவருடைய கோட்டை அவரைக் காக்கவில்லை. அரசனின் கை ஓங்கியதும் நாட்டைவிட்டு வெளியேறிய அவர், ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் 1086இல்தான் திரும்ப முடிந்தது. அவர் தொடங்கிய பணியை 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பேராயர் முதலாம் கொன்ராட் நிறைவு செய்தார். அந்தக் காலத்து ரோமனெஸ்க் என்னும் இடைக்காலப் பாணிச் சுவர்ப்பகுதிகளும் சாளரங்களும் பிற்காலக் கட்டடங்களுக்கு உள்ளே புதைந்திருந்து வெளிப்பட்டவை. கோட்டை அருங்காட்சியகத்தில் அவற்றைக் காணலாம். நிதானமாகப் பாருங்கள், இந்த மலையில் உள்ள மிகப் பழைய கட்டட வேலை அதுதான்.

மேலே செல்ல இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கம்பி வடத்தால் இழுக்கப்படும் விஞ்ச் ரயில். 1892இல் திறக்கப்பட்ட இது தொடக்கத்தில் தண்ணீரின் எடையைக் கொண்டு இயங்கியது, இப்போது மின்சாரத்தில் ஓடுகிறது. ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் மேலே கொண்டுபோய் விட்டுவிடும். மற்றது நடைபாதை, கல் பாவிய செங்குத்தான வழியில் இருபது நிமிடம் மூச்சு வாங்க ஏற வேண்டும். ரயில் வசதியானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது பயணியை நேராக ஒரு கொத்தளத்தின்மேல் இறக்கிவிடுகிறது. அடுத்தடுத்து அமைந்த வாயில்கள், வளைவுகள், ஒவ்வொரு திருப்பத்திலும் மேலிருந்து நோக்கும் சுடுதுளைகள் ஆகிய அனைத்தையும் அவர் பார்க்காமலே தாண்டிவிடுகிறார். ஒரு கோட்டையின் கட்டடக் கலை அதன் அறைகளில் இருப்பதைவிட அதன் வழியில்தான் அதிகம் இருக்கிறது என்பது என் கருத்து.

நடந்து ஏறும்போது அந்த வழி தன்னைத் தானே விளக்கிக்கொள்கிறது. பாதை எங்குமே நேராகச் செல்வதில்லை. ஒரு வளைவு வாயிலைத் தாண்டியதும் அடுத்த மதில் பக்கவாட்டில் எழுந்து நிற்கும். அதன் உச்சியிலிருந்து பார்ப்பவருக்கு ஏறி வருபவரின் தோளும் முதுகும் தெரியும். ஒரு வாயிலைப் பகைவர் உடைத்தாலும் அவர்கள் கோட்டைக்குள் வந்துவிடுவதில்லை, அடுத்த வாயிலின் முன்னே நாற்புறமும் சுவர் சூழ்ந்த ஒரு குறுகிய இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். இந்த அமைப்பு ஒரே காலத்தில் திட்டமிட்டுக் கட்டப்பட்டதன்று. அம்பும் ஏணியும் கொண்டு போரிட்ட காலத்தில் உயரமே பாதுகாப்பாக இருந்தது. பீரங்கி வந்த பிறகு உயர்ந்த மெல்லிய சுவர் பலவீனம் ஆயிற்று. சுவர்கள் தடித்தன, கோபுரங்கள் வட்டமாயின, அவற்றுக்கு வெளியே சாய்ந்த சுவருடைய கொத்தளங்கள் முளைத்தன. 1460களில் பேராயர் இரண்டாம் புர்க்ஹார்ட் காலத்தில் சுற்றுமதிலும் வட்டக் கோபுரங்களும் எழுந்தன. முப்பதாண்டுப் போர் நடந்த 17ஆம் நூற்றாண்டில் பேராயர் பாரிஸ் லோட்ரோன் வாயிற்கட்டடங்களையும் வெடிமருந்துக் கிடங்குகளையும் சேர்த்தார். அந்த நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் கூன்பர்க் கொத்தளம் அமைந்தது. கீழிருந்து மேலே நடப்பவர் காலத்தில் பின்னோக்கி நடக்கிறார்: வெளியே இருப்பது புதியது, உள்ளே செல்லச் செல்லப் பழையது.

இன்று நாம் காணும் கோட்டையின் தோற்றத்துக்குப் பெரும்பாலும் காரணமானவர் 1495 முதல் 1519 வரை ஆண்ட பேராயர் லியோன்ஹார்ட் ஃபான் கொய்ச்சாக். சால்ஸ்பர்க் பேராயர்கள் சமயத் தலைவர்கள் மட்டும் அல்லர். நாட்டையும் ஆண்ட இளவரசர்கள். அவர்களுடைய செல்வத்தின் வேர் உப்பு. நகரின் பெயரிலேயே உப்பு இருக்கிறது: ஜெர்மன் மொழியில் சால்ஸ் என்றால் உப்பு. அருகிலுள்ள ஹாலைன் சுரங்க உப்பு ஆற்றுவழியே சென்று பணமாகத் திரும்பியது. அந்தப் பணத்தைக் கொண்டு லியோன்ஹார்ட் மலைமுழுதும் கட்டினார். அவருடைய குலச்சின்னம் கறுப்புப் பின்னணியில் வெள்ளை டர்னிப் கிழங்கு. கோட்டையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் அது செதுக்கப்பட்டிருக்கிறது. இளமையில் பொறுப்பின்றித் திரிந்த அவர்மீது அவருடைய மாமன் ஒருவர் கோபத்தில் ஒரு டர்னிப்பை எறிந்தார் என்றும், அன்று திருந்தியவர் அதையே சின்னமாகக் கொண்டார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. குழந்தைகளை அழைத்துச் செல்பவர்கள் டர்னிப்புகளை எண்ணச் சொல்லலாம். சுவர்களை அவர்கள் உற்றுப் பார்ப்பதற்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இந்தப் பேராயரை டர்னிப் கதையோடு விட்டுவிடுவது நியாயமாகாது. 1498இல் அவர் யூதர்களைச் சால்ஸ்பர்க்கிலிருந்து வெளியேற்றினார். நகரத்தார் தம் மேயரையும் மன்றத்தையும் தாமே தேர்ந்தெடுக்கலாம் என்று 1481இல் பேரரசர் மூன்றாம் ஃபிரெடரிக் உரிமை வழங்கியிருந்தார். 1511இல் லியோன்ஹார்ட் மேயரையும் மன்றத்தாரையும் விருந்துக்கு அழைத்து, வந்த இடத்தில் சிறைப்பிடித்து, அந்த உரிமையைக் கைவிடச் செய்தார். இதை அறிந்துகொண்டு முற்றத்தில் நின்று பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று புலப்பட்டது. இந்தக் கோட்டையின் மிகச் சிறந்த பார்வை வெளிநாட்டுப் படை வரக்கூடிய திசையை நோக்கி மட்டும் இல்லை. கீழே உள்ள வீடுகளின் கூரைகளும் தெருக்களும் சந்தையும் பேராலய வாசலும் அதே அளவு துல்லியமாகத் தெரிகின்றன. சொந்தக் குடிமக்களிடமிருந்தும் தம்மைக் காத்துக்கொள்ள விரும்பிய ஆட்சியாளர்கள் இங்கே வாழ்ந்தார்கள்.

உள்முற்றம் நான் எதிர்பார்த்ததைவிட ஓர் ஊரைப் போல இருந்தது. நடுவே ஒரு லிண்டன் மரம். அருகில் 1539இல் பேராயர் மத்தேயுஸ் லாங் அமைத்த நீர்த்தொட்டி. ஒருபுறம் தானியக் கிடங்கு. மறுபுறம் புனித ஜார்ஜ் சிற்றாலயம். மலையுச்சியில் தண்ணீரே உயிர் என்பதால் கூரைகளில் விழும் மழைநீரைத் திரட்டிச் சேமித்தார்கள். சிற்றாலயத்தின் வெளிச்சுவரில் சிவப்புப் பளிங்கில் லியோன்ஹார்ட்டின் உருவம் பெரிதாகப் புடைப்புச் சிற்பமாக நிற்கிறது. கூட்டம் அதன் முன்னால் நிற்காமலே நகர்ந்துவிடுகிறது. மேலங்கியின் மடிப்புகளைக் கல்லில் கொண்டுவந்த அந்தக் கைவேலைக்காகவாவது ஐந்து நிமிடம் நிற்க வேண்டும்.

கோட்டையின் இதயம் என்று நான் சொல்வது இளவரசர் அறைகளை. நுழைவுச்சீட்டுகளில் சில வகைகள் உண்டு. இந்த அறைகளை உள்ளடக்கிய சீட்டையே வாங்குங்கள், இதில் மிச்சம் பிடிக்க நினைக்க வேண்டாம். உயர்மாடம் எனப்படும் நடுக்கட்டடத்தின் மேல்தளத்தில், 1500ஆம் ஆண்டை ஒட்டிய சில ஆண்டுகளில் லியோன்ஹார்ட் இவற்றை அமைத்தார். வெளியே சாம்பலும் வெள்ளையுமாகக் கடுமை காட்டும் கட்டடத்துக்குள் இப்படியொரு அறை இருக்கும் என்று கதவைத் திறக்கும்வரை ஒருவரும் ஊகிக்க முடியாது. பொன் மண்டபத்தின் விதானம் நீலச் சதுரங்களால் ஆனது. ஒவ்வொரு சதுரத்திலும் பொன்முலாம் பூசிய குமிழ்கள் விண்மீன்களைப் போலப் பதிந்திருக்கின்றன. விதானத்தைத் தாங்கும் உத்தரம் 17 மீட்டர் நீளமுடையது. அதன்மேல் பேரரசின் சின்னமும் சால்ஸ்பர்க்கோடு தொடர்புடைய ஆட்சிப் பகுதிகளின் சின்னங்களும் வரிசையாகத் தீட்டப்பட்டுள்ளன. ஒருபுறம் அட்னெட் என்னும் ஊரில் வெட்டிய சிவப்புப் பளிங்கால் ஆன, முறுக்கிய கயிறு போன்ற நான்கு பெருந்தூண்கள் நிற்கின்றன. அவ்வளவு எடையுள்ள கல்லை அந்தச் சரிவில் ஏற்றி, பிறகு மேல்தளம்வரை தூக்கியதை நினைத்தபோது, வண்ணத்தைவிட அந்த உழைப்பே எனக்கு வியப்பைத் தந்தது.

அடுத்த அறையான பொன் அறையில் 1501ஆம் ஆண்டின் கணப்பு அடுப்பு இருக்கிறது. தரையிலிருந்து விதானத்தை நோக்கிக் கோபுரம்போல் எழும் அதன் ஒவ்வோர் ஓடும் மெருகூட்டிய பல வண்ணச் சுடுமண்ணால் ஆனது. விவிலியக் காட்சிகள், புனிதர்கள், மலர்கள் என ஓட்டுக்கு ஓடு வேறுபடுகிறது. சுவரை ஒட்டி ஓடும் இருக்கைகளிலும் மரவேலைகளிலும் திராட்சைக் கொடிகளும் விலங்குகளும் பின்னிக் கிடக்கின்றன. ஆல்ப்ஸ் குளிரில் இந்த அடுப்பைச் சுற்றியே அரண்மனை வாழ்வு நடந்திருக்க வேண்டும். பின்கோத்திக் காலத்தின் உள்ளறை வேலைப்பாடு இந்த அளவுக்கு இருந்த இடத்திலேயே, இருந்த நிலையிலேயே எஞ்சியிருப்பது அரிது. அதற்கடுத்த படுக்கையறை சிறியது. குளிரைத் தடுக்க மரப்பலகை வேய்ந்தது. அங்கே ஒரு கதவுக்குப் பின்னால் மறைந்திருக்கும் கழிவறை, தரையில் துளையிட்டு மரச்சட்டம் பொருத்திய எளிய அமைப்புதான் என்றாலும், பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது பெரிய வசதி. இந்த மூன்று அறைகளுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

1525இன் கோடையில் இந்தக் கோட்டை தன் கடுமையான சோதனையைச் சந்தித்தது. வரிச்சுமையாலும் சமய அடக்குமுறையாலும் கொதித்த விவசாயிகளும் சுரங்கத் தொழிலாளர்களும் பேராயர் மத்தேயுஸ் லாங்குக்கு எதிராக எழுந்தார்கள். நகரத்தார் அவர்களுக்கு வாயிலைத் திறந்துவிட்டார்கள். பேராயர் மலைமேல் அடைந்துகொண்டார். முற்றுகை வாரக்கணக்கில் நீடித்தது, கோட்டை விழவில்லை, தென் ஜெர்மானிய ஆட்சியாளர்களும் நகரங்களும் சேர்ந்த ஸ்வாபியக் கூட்டணியின் படை வந்தபின் ஆகஸ்டின் இறுதியில் உடன்பாடு ஏற்பட்டது. இந்த முற்றுகையைப் பற்றி ஊரார் இன்றும் ஒரு கதை சொல்கிறார்கள். கோட்டைக்குள் உணவு தீர்ந்து ஒரே ஒரு காளை மிஞ்சியபோது, ஒவ்வொரு நாளும் அதற்கு வேறு வேறு நிறம் பூசி மதில்மேல் நடத்திக் காட்டினார்களாம். உள்ளே மாடுகளுக்குக் குறைவில்லை என்று எண்ணி முற்றுகையிட்டவர்கள் மனம் தளர்ந்தார்களாம். பிறகு அந்தக் காளையைச் சால்சாக் ஆற்றில் நிறம் போகக் கழுவியதால், சால்ஸ்பர்க் மக்களுக்குக் காளை கழுவிகள் என்றே ஒரு பட்டப்பெயர் உண்டு.

காளை என்றதும் இன்னொரு காளையையும் சொல்லியாக வேண்டும். 1502இல் லியோன்ஹார்ட் அமைத்த குழலிசைக் கருவிக்குச் சால்ஸ்பர்க் காளை என்று பெயர். இருநூறுக்கும் மேற்பட்ட குழல்களைக் கொண்ட இந்த இயந்திர ஆர்கன், உலகில் இன்றும் ஒலிக்கும் மிகப் பழைய இயந்திர ஆர்கன்களுள் ஒன்று. கோபுரத்திலிருந்து ஊருக்கு நேரத்தை அறிவிக்க இது உதவியது. அக்கால ஜெர்மானிய மொழியில் வெடிமருந்துக்கும் வழங்கிய க்ரௌட் என்னும் சொல்லால் பெயர்பெற்ற க்ரௌட் கோபுரத்தில் இது இருக்கிறது. பின்னாளில் வோல்ஃப்காங் மோசார்ட்டின் தந்தை லியோபோல்ட் மோசார்ட்டும் இதற்கென இசை எழுதினார். பாட்டின் முன்னும் பின்னும் எல்லாப் பெருங்குழல்களும் ஒருங்கே முழங்கும் ஒலி, உண்மையாகவே ஒரு காளை கத்துவதைப் போலத்தான் இருக்கிறது. அது இசைக்கும் நேரத்தை முன்கூட்டியே விசாரித்து, அந்த நேரத்தில் கீழே நகரில் இருப்பது நல்லது. ஊர் கேட்க வேண்டும் என்று செய்த கருவி அது.

ஒலி வழிகாட்டியோடு செல்லும் சுற்று ரெக் கோபுரத்தின் உச்சியில் முடிகிறது. சித்திரவதைக் கோபுரம் என்று பெயரிருந்தாலும் அங்கே சித்திரவதை நடக்கவில்லை, அதற்கான கருவிகள்தாம் காட்சிக்கு உள்ளன. அச்சமூட்டும் கதைகளைத் தேடிச் செல்பவர்கள் இதை அறிந்து செல்வது நல்லது. கோட்டையின் உண்மையான சிறைக்கதை வேறு. பழைய நகரை இத்தாலிய நகரங்களைப் போல மாற்ற முனைந்த பேராயர் வோல்ஃப் டீட்ரிக், உப்பு வணிகத்தை முன்னிட்டு பவேரியாவோடு மோதித் தோற்று, 1611இல் பிடிபட்டார். அவருக்குப் பின் பதவியேற்றவர் அவருடைய மாமன் மகனான மார்க்குஸ் சிட்டிக்குஸ். வோல்ஃப் டீட்ரிக் 1617இல் இறக்கும்வரை, தாம் ஒருகாலத்தில் ஆண்ட இந்தக் கோட்டையிலேயே கைதியாக இருந்தார். கோபுர உச்சியில் தெற்கே ஊன்டர்ஸ்பெர்க் மலை சுவர்போல் நிற்க, வடக்கே ஆறு நகரை இரண்டாகப் பிரித்து ஓடுகிறது. ஆற்றின் மறுகரையில், தம் துணைவி சலோமே ஆல்ட்டுக்காக அவர் எழுப்பிய மாளிகை இருந்தது. இன்றைய மிராபெல் அரண்மனை நிற்கும் இடம் அதுதான்.

அருங்காட்சியகங்களைப் பொறுத்தவரை, ரைனர் படைப்பிரிவின் அருங்காட்சியகம் முதல் உலகப் போரில் ஆர்வமுள்ளவர்களுக்கு உரியது. பொம்மலாட்ட அருங்காட்சியகம் சிறியது, குழந்தைகளுக்குப் பிடிக்கும். நேரம் குறைவாக இருந்தால் இவ்விரண்டையும் விட்டுவிட்டு, கோட்டை அருங்காட்சியகத்தை மட்டும் பாருங்கள்.

போரிட்டு எவராலும் கைப்பற்றப்படாத இக்கோட்டை, 1800இல் நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சுப் படையிடம் ஒரு குண்டும் வெடிக்காமல் ஒப்படைக்கப்பட்டது. கடைசி இளவரசப் பேராயர் கொலொரேடோ அதற்குமுன் வெளியேறியிருந்தார். 1803இல் பேராயர்களின் ஆட்சியும் முடிந்தது. பிறகு படைவீரர் குடியிருப்பாகவும் கிடங்காகவும் சிறையாகவும் இருந்து, 1861இல் இராணுவப் பயனையும் இழந்தது. இத்தனைக்குப் பிறகும் இது இடிக்கப்படாமல் தப்பியதற்கு, 1892இல் ரயில் வந்து மக்கள் மேலே ஏறத் தொடங்கியது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஆகவே ரயிலைக் குறைசொல்வது என் நோக்கமன்று. 1953இல் ஓவியர் ஆஸ்கர் கோகோஷ்கா இங்கே தொடங்கிய கோடைக்காலக் கலைப்பள்ளி இன்றும் நடக்கிறது. மாலைகளில் இளவரசர் அறைகளின் தளத்தில் இசைநிகழ்ச்சிகள் உண்டு.

செல்பவர்களுக்குச் சில சொற்கள். காலை திறக்கும் நேரத்திலேயே அடிவாரத்தில் இருங்கள். நடுப்பகலில் குழுக்கள் வந்து சேர்ந்தபின் பொன் அறையில் நின்று பார்க்க இடம் கிடைக்காது. பிடிமானமுள்ள காலணி அவசியம். மழையில் கற்கள் வழுக்கும். முழங்கால் வலி உள்ளவர்களும் முதியவர்களும் தயங்காமல் ரயிலில் ஏறட்டும். மேலே சென்றபின் முற்றத்திலிருந்து ஒன்றிரண்டு வாயில்கள் வரையாவது மெல்ல இறங்கிப் பார்த்துத் திரும்பினால், வழியின் அமைப்பு விளங்கும். சால்ஸ்பர்க் கார்டு என்னும் சுற்றுலா அட்டை வைத்திருப்பவர்களுக்கு ஒருமுறை நுழைவும் ரயிலும் அதிலேயே அடங்கும்.

இறங்கும்போது நோன்பெர்க் கன்னியர் மடத்தின் பக்கமாக இறங்குங்கள். அந்தச் சரிவில் மதில்களைத் துளைத்துக்கொண்டு ஒரு தண்டவாளம் மேலேறுகிறது. கோட்டைக்குப் பொருள்களை ஏற்றுவதற்காக 1500ஆம் ஆண்டை ஒட்டி அமைத்த ரைஸ்ட்சூக் என்னும் இழுவை வண்டிப்பாதை அது. 1515ஆம் ஆண்டிலேயே எழுத்தில் குறிப்பிடப்பட்டிருக்கிறது. உலகின் மிகப் பழைய இழுவை ரயில் இதுவாகவே இருக்கலாம். மரத் தண்டவாளம் எஃகானது, சணல் கயிறு கம்பி வடமானது, இழுத்த ஆள்களுக்கும் விலங்குகளுக்கும் பதிலாக மோட்டார் வந்தது. வழி மட்டும் மாறவில்லை. பயணிகளை அது ஏற்றுவதில்லை. நான் அங்கே நின்றிருந்தபோது தார்ப்பாய் மூடிய சுமையோடு வண்டி மெதுவாக மேலேறி, மதிலில் இருந்த வாயிலுக்குள் நுழைந்து மறைந்தது.